கீழ்பென்னாத்தூரிலிருந்து மத்தளம்பாறை வரை... சம்பளம் மட்டும் போதுமா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். சுற்றிலும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் பூமி. வானம் தெளிந்த நாளில் மேற்கே அண்ணாமலையார் மலை தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த ஊரில் சென்னை பஸ்ஸுக்கு நிற்பவர்களில் பலர் இளவட்டங்கள். முதுகில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி.

‘அஞ்சு வருஷம் சம்பாதிச்சிட்டு ஊருக்கே வந்துடணும்’ என்பது ஐ.டி. பிள்ளைகள் பலரின் கனவு. ஆனால், எவ்வளவு சேர்ந்தால் திரும்பலாம் என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்தது அது. ஓர் ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு முதலீடாக இருந்தால், சுமார் 30 ஆண்டுகளுக்குத் தாக்குப்பிடிக்கலாம். மாதம் 45,000 ரூபாய் செலவழிப்பவருக்கு 1 கோடியே 35 லட்சம் வேண்டும். 20,000 ரூபாயில் வாழ்பவருக்கு 60 லட்சம் போதும். அது அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊர் விலைவாசிக்கும், 40 வயதிலேயே வேலையை விட நினைப்பவருக்கும் இன்னும் கூடுதலாகவே வேண்டும். ஆனாலும் ஒன்று புரிகிறது: எங்கே வாழ்கிறோம் என்பதே இலக்கைப் பாதியாகக் குறைத்துவிடும்.

அப்படியானால் வேலையே ஊர்ப்பக்கம் வந்துவிட்டால்? அதைத் தென்காசிப் பக்கம் பார்க்கலாம். தென்காசியிலிருந்து கடையம் போகும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது மத்தளம்பாறை. குற்றாலச் சாரல் எட்டும் தூரம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ நிறுவனம், 2011-ல் இங்கே அலுவலகம் திறந்தது. உலகெங்கும் விற்கும் ‘ஸோஹோ டெஸ்க்’ மென்பொருள் உருவானது இங்கேதான். நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவும் 2019-ல் அமெரிக்காவை விட்டு இந்தக் கிராமத்துக்கே குடிவந்தார்.

அவர்கள் நடத்தும் ஸோஹோ பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களும் சேரலாம். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே மாத உதவித்தொகையும் உண்டு. காணியை அடகு வைத்து, கல்விக்கடன் வாங்கிப் படித்தவரின் முதல் சில வருடச் சம்பளம் தவணைக்கே போய்விடும். கடனில்லாமல் கற்றவருக்கு முதல் மாதமே சேமிப்பு தொடங்கிவிடும்.

எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்காது. தேர்வு வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு மத்தளம்பாறை வந்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் அந்த ஊரிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. வேலைக்குச் சேர்ந்த பிறகும் தினம் ஒரு மணி நேரமாவது புதிதாக ஒன்றைக் கற்பது. கைத்தொழில் வலுத்தால்தான், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று துணிந்து கேட்க முடியும். இன்னொன்று, சம்பளம் ஏறும் வேகத்தில் செலவையும் ஏற்றாமல் இருப்பது.

கீழ்பென்னாத்தூரில் ஏறினால் சென்னை போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகும். போன மாதம் எதற்கெல்லாம் செலவானது என்று செல்போனில் எழுதி, கூட்டி, முதலில் 12-ஆலும் பிறகு 25-ஆலும் பெருக்கிப் பார்க்க அதில் பத்து நிமிடம் போதும். ஊர் திரும்பும் நாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.