தும்பும் கயிறும்

உடப்பு

அன்பு மகளுக்கு,

கடையில் வாங்கிய கால்மிதியில் ‘கொயர்’ என்று போட்டிருந்ததாம். அகராதியில் பார்த்தால் மலையாளச் சொல் என்றிருந்ததாம். “அப்ப அது எங்களுடையது இல்லையா பெரியப்பா?” என்று கேட்டிருக்கிறாய், அதுவும் இங்கிலீஷில்!

ஏன் இல்லை? மலையாளத்துக் கயரும் எங்கள் கயிறும் ஒரே வேர்தான். 16ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் போர்த்துக்கேயர் காதில் விழுந்ததை ‘கைரோ’ என்று எழுதிக்கொண்டார்கள். அது பிறகு இங்கிலீஷுக்குப் போனது. முதலில் எங்கள் கரையில் கேட்டிருந்தால் அகராதியில் தமிழ் என்று போட்டிருக்கும். நற்றிணையில் ஒரு புலவருக்குப் பெயரே தேய்புரிப் பழங்கயிற்றினார். இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிற புரி தேய்ந்த கயிற்றைப் போல என் உடம்பும் அழிந்துபோகுமோ என்று பாடியவர். சொந்தப் பெயர் மறந்துபோய்க் கயிறு மட்டும் நின்றுவிட்டது. அம்மா உனக்கு இதையெல்லாம் சொல்லித் தரவில்லையா?

வேடிக்கை என்னவென்றால், இங்கிலீஷ்காரனுக்குக் கொயர் என்றால் நார். எங்களுக்கு நார் தும்பு. திரித்த பிறகுதான் அது கயிறு. களப்போரத்துக் குழியில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். அந்த நாற்றம் தெருமுனை வரை வரும். எடுத்துத் தடியால் அடித்தால் தூள் உதிர்ந்து தும்பு நிற்கும். உன் அப்பம்மா கதைத்துக்கொண்டே உள்ளங்கையில் வைத்துத் திரிப்பா.

கரைவலை இழுத்ததும் அந்தக் கயிற்றால்தான். உப்புத்தண்ணியில் ஊறின தும்புக்கயிறு கையில் ஊசி ஊசியாய்க் குத்தும், ஆனால் வழுக்காது. அம்பாப் பாட்டுப் பாடி எல்லாரும் ஒரே மூச்சில் இழுக்கிறபோது அந்தப் பிடிமானம் வேண்டும். பிறகு நைலோன் வந்தது. உக்காது, பாரமில்லை, எல்லாம் சரி. எனக்கு அது பிடிக்கவேயில்லை.

1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய பயணி இப்னு பதூதாவுக்கும் இந்த நாரின் அருமை தெரிந்திருக்கிறது. இந்தக் கடலில் ஓடிய கப்பல்களின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைப்பார்கள். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், தைத்தது நெகிழ்ந்துகொடுக்கும் என்று அவர் எழுதி வைத்தார். அகராதிக்காரர் இதைப் படித்தார்களோ என்னவோ.

அடுத்த கடிதத்தைத் தமிழில் எழுது, பிழை இருந்தால் பரவாயில்லை. ஆடியில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் எடுத்தாயா?

அன்புடன்,
பெரியப்பா