ஓமலூர் முகவரிகளும் புற்றுநோய்ப் பதிவேடும்

ஒரு நிலப்பரப்பில் குடியிருக்கும் மக்களிடையே ஓராண்டில் புதிதாகக் கண்டறியப்படும் ஒவ்வொரு புற்றுநோயையும், அது எந்த ஊர் மருத்துவமனையில் கண்டறியப்பட்டிருந்தாலும், அந்த நிலப்பரப்பின் கணக்கிலேயே சேர்ப்பது மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டின் வேலையாகும். ஒரு மருத்துவமனை தன்னிடம் வந்தவர்களை மட்டும் எண்ணி வைத்தால் அதன் வேலைச்சுமை தெரியுமே தவிர, ஊரில் நோய் எவ்வளவு என்பது தெரியாது. இந்தியாவில் இத்தகைய முதற்பதிவேடு 1963இல் மும்பையில் தோன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சென்னை மாநகருக்கான பதிவேடு அடையாறு புற்றுநோய் நிலையத்தில் அமைந்தது. 2003இல் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலிருந்து திண்டுக்கல் மாவட்டப் பதிவேடு இயங்கத் தொடங்கியது. 2012இல் தமிழக அரசும் அடையாறு நிலையமும் இணைந்து மேற்கொண்ட தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் மாநிலம் முழுவதையும் எல்லையாகக் கொண்டதால், சேலம் மாவட்டமும் அதிலுள்ள ஓமலூரும் இந்தக் கணக்குக்குள் வந்தன.

ஓமலூரிலிருந்து நோயாளிகள் செல்லும் திசைகள் பல. அருகிலுள்ள சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சிலர் செல்கின்றனர். தருமபுரி வழியாகப் பெங்களூருக்கு ரயிலும் நெடுஞ்சாலையும் இருப்பதால் அங்குள்ள கித்வாய் புற்றுநோய் நிலையத்துக்குச் சிலர் செல்கின்றனர். ஈரோடு, கோவைத் தனியார் மருத்துவமனைகள், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், அடையாறு என மற்றவர்கள் சிதறுகின்றனர். நோர்டிக் நாடுகளில் புற்றுநோயைக் கண்டறியும் மருத்துவர் அதைப் பதிவேட்டுக்குத் தெரிவிக்கச் சட்டப்படி கடமைப்பட்டவர். இந்தியாவில் நாடு முழுவதற்குமான அத்தகைய கட்டாயம் இல்லாத நிலையில்தான் பதிவேடுகள் வளர்ந்தன என்பதால், தகவல் இருக்கும் இடத்துக்குப் பதிவேட்டின் ஊழியரே போய் எடுத்து வரும் முறை இங்கே வேரூன்றியது. சமூக ஆய்வாளர் என்று பதவிப்பெயர் கொண்ட அந்த ஊழியரின் கையெழுத்தில்தான் பதிவேட்டின் தரம் பெரும்பாலும் முடிவாகிறது.

அவருடைய வேலை மருத்துவமனையின் மெடிக்கல் ரெக்கார்டு அறையில் தொடங்கினாலும், வளமான இடம் நோய்க்குறியியல் துறையின் பயாப்சி ரெஜிஸ்டரே. அதில் ஒரு நோயாளிக்கு ஒரு வரிதான்: வரிசை எண்ணும் ஆண்டும் சேர்ந்த பயாப்சி எண், பெயர், வயது, பால், வார்டு, எடுக்கப்பட்ட திசு, முடிவு. கருப்பை வாய்த் திசுவில் செதிள் உயிரணுப் புற்று என்ற முடிவு இருந்தால், உறுப்புக்கு சி53 என்றும் திசு வகைக்கு 8070/3 என்றும் உலகப் பொதுக் குறியீடுகள் உண்டு. சாய்கோட்டுக்குப் பின் வரும் ஓர் இலக்கத்தின் எடை பெரிது: 2 என்றால் நோய் தோன்றிய படலத்தைத் தாண்டவில்லை என்றும், 3 என்றால் ஊடுருவிவிட்டது என்றும், 6 என்றால் வேறு உறுப்பிலிருந்து பரவி வந்தது என்றும் பொருள். குடலில் தோன்றிக் கல்லீரலுக்குப் பரவிய நோயைக் கல்லீரல் ஊசிப் பரிசோதனையின் முடிவை மட்டும் பார்த்து எழுதினால், ஊரில் இல்லாத கல்லீரல் புற்று ஒன்று கணக்கில் ஏறும். இருந்த குடற்புற்று காணாமற்போகும். ஆகவே அந்த ஒற்றை வரியை நம்பி நிற்காமல் கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்துப் படிப்பது கட்டாயமாகிறது.

ரெஜிஸ்டரில் இல்லாத செய்தி முகவரி. கேஸ் ஷீட்டில் ‘ஓமலூர்’ என்று ஒரு சொல் இருக்கும். அது பேரூராட்சியின் பெயர், ஊராட்சி ஒன்றியத்தின் பெயர், வட்டத்தின் பெயர், சட்டமன்றத் தொகுதியின் பெயர். தாரமங்கலத்துப் பக்கத்துச் சிற்றூர்க்காரரும் வெளியூர் மருத்துவமனையில் ஓமலூர் என்றோ சேலம் என்றோதான் சொல்லுவார். இதற்கு நேர்மாறாக, பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் வாடகை வீட்டு முகவரியைக் கொடுத்துச் சிகிச்சை பெறும் முதியவர், உண்மையில் ஓமலூரில் குடியிருந்தும், பெங்களூர்ப் பதிவேட்டின் கணக்கில் விழ வாய்ப்புண்டு. நோய் கண்டறியப்படுமுன் குறைந்தது ஓராண்டு அந்த எல்லைக்குள் குடியிருந்தவரே அந்தப் பதிவேட்டுக்கு உரியவர் என்பது விதி. இந்த விதியைப் பின்பற்ற வேண்டுமானால் எந்த ஊராட்சி, எந்த ஆரம்ப சுகாதார நிலையம், எத்தனை ஆண்டாக என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். புறநோயாளிச் சீட்டு எழுதும் வரிசையில் அதைக் கேட்பவர் இல்லை.

முகவரியை அடுத்து வரும் சிக்கல் பெயர். ஒரே பெண் சேலத்தில் பயாப்சியும், ஈரோட்டில் அறுவைச் சிகிச்சையும், வேறோரிடத்தில் ரேடியேஷனும் பெற்றால் அவர் மூன்று முறை எண்ணப்படக் கூடாது. மேலைநாட்டுக் கணினி நிரல்கள் குடும்பப் பெயரைப் பிடித்து ஆளை இணைக்கின்றன. தமிழ்ப் பெயரில் அது கிடையாது. தலைப்பெழுத்து ஓரிடத்தில் தந்தையுடையது, இன்னோரிடத்தில் கணவருடையது. பழனியம்மாள் என்பவர் ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக மாறுவார். வயதோ ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது என்று ஐந்தின் மடங்குகளில் குவியும். கணினி சந்தேகத்துக்குரிய இணைகளைக் காட்டித் தரும். அவை ஒரே ஆளா என்பதை நோயுற்ற பக்கம், திசு வகை, ஊர், கைப்பேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டு மனிதரே தீர்க்க வேண்டும். அதிலும் தீராதபோது வீடு தேடிப் போவதுண்டு. அங்கே வாசலில் நின்று நோயின் பெயரைச் சொல்ல முடியாது. ‘கட்டி’, ‘புண்ணு’ என்று வீட்டார் சொல்லும் சொல்லிலேயே பேச வேண்டும், ஏனெனில் “அவங்களுக்கு நாங்க சொல்லலைங்க” என்ற தணிந்த குரல் பல வீடுகளில் முன்னே வந்து நிற்கும்.

பதிவேட்டை மதிப்பிடுவோர் ஒப்பிடத்தக்க தன்மை, செம்மை, முழுமை, காலந்தாழாமை என்ற நான்கையும் பார்க்கின்றனர்; அவற்றுக்குச் சில சதவீதங்களை அளவுகோலாக வைத்துள்ளனர். இந்த அளவுகோல்களை ஓமலூர்ச் சூழலில் அப்படியே படிப்பது தவறாகும். நுண்ணோக்கியால் உறுதி செய்யப்பட்ட நோயாளிகளின் விகிதம் உயர்ந்தால் செம்மை உயர்ந்தது எனப்படும். ஆனால் அது நூற்றை நெருங்கினால், ஆய்வகப் புத்தகங்களை மட்டும் மேய்ந்துவிட்டு, ஸ்கேன் பார்த்ததோடு ‘இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட முதியவர்களைப் பதிவேடு தவறவிட்டது என்றும் பொருள்படும். இறப்புச் சான்றிதழால் மட்டுமே தெரியவந்த நோயாளிகளின் விகிதம் குறைந்தால் முழுமை கூடியது எனப்படும். இதுவும் இறப்புக் காரணத்தை மருத்துவர் எழுதும் நாட்டுக்கே பொருந்தும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பதியவும் படுகிறது. எனினும் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 2020இல் ஏறத்தாழ 22 சதவீதமே. வீட்டில் நிகழும் இறப்புக்குக் கிராமத்துப் பதிவில் ‘வயோதிகம்’, ‘நெஞ்சுவலி’ என்று எழுதப்படும்போது, புற்றுநோய் என்ற சொல்லே இல்லாத அந்தப் புத்தகம் பதிவேட்டுக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தருகிறது. சென்னைப் பதிவேடு இதை உணர்ந்து, காரணம் எதுவாயினும் மாநகராட்சியில் பதிவான இறப்புகள் அனைத்தையும் நோயாளிப் பட்டியலோடு ஒப்பிடும் முறையைக் கைக்கொண்டது. கிராம நிர்வாக அலுவலரின் புத்தகங்களையும் அவ்வாறு ஊர் ஊராக ஒப்பிடுவதற்குத் தேவைப்படுவது ஆளும் பேருந்துச் செலவும். புதிய மென்பொருள் அல்ல.

இந்த உழைப்பால் விளைவது என்ன என்பதற்குத் திண்டுக்கல் சான்று. அங்கே முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுப் பெண்களுக்கு அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை செய்யப்பட்டது. அவ்வாறு சோதிக்கப்பட்ட ஊர்களில் அந்நோய் 25 சதவீதமும் அதனால் நேரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. சோதனை செய்த ஊர்களிலும் செய்யாத ஊர்களிலும் பின்னர் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்பதை எண்ணிச் சொல்லப் பதிவேடு இருந்ததாலேயே அதை நிறுவ முடிந்தது.

இத்தகைய கணக்குக்குத் தகவல் தராத தனியார் ஆய்வகங்களும் மருத்துவமனைகளும் கண்டிக்கத்தக்கவை. சிறு நகரத்துச் சேகரிப்பு மையத்தில் கொடுக்கப்படும் திசு பெருநகர ஆய்வகத்துக்குப் போகிறது; திரும்பி வரும் அறிக்கையில் பெயர், வயது, அனுப்பிய மருத்துவர் என்பவற்றோடு சரி, நோயாளியின் ஊர் இருப்பதில்லை. ரகசியம் காப்பதாகச் சொல்லி வாசலிலேயே ஊழியரைத் திருப்பி அனுப்பும் மருத்துவமனையும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் பெறுவதற்காக அதே நோயாளியின் அதே அறிக்கையைத் தயங்காமல் பதிவேற்றுகிறது. பொதுப்பணம் பெறுகிறவர் பொதுக்கணக்குக்கு நான்கு வரி தர வேண்டும் என்ற நிபந்தனையைக் காப்பீட்டு ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம்.

நோயாளிகளின் எண்ணிக்கை இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கப்பட்டாலும், இலட்சம் பேருக்கு எத்தனை என்ற வீதம் கிடைக்க மக்கள்தொகையால் வகுக்க வேண்டும். கடைசிக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது. 2021இல் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. பழைய ஓமலூர் வட்டத்திலிருந்து காடையாம்பட்டி தனி வட்டமாகப் பிரிந்துவிட்டதால், ஓமலூருக்கு வீதம் கணிப்பவர் பழைய எண்களை ஊர்வாரியாகப் பிரித்து, வயது வாரியாக முன்னோக்கி நீட்டிக் கொள்ள வேண்டியுள்ளது. இதற்கிடையில் வெளியூர் மருத்துவமனைகளின் ஏடுகளிலிருந்து பழைய ஆண்டு நோயாளிகள் தாமதமாக வந்துகொண்டிருப்பர். நோய் முதலில் உறுதியான தேதியே கணக்கில் கொள்ளப்படும் என்பதால், அவர்கள் கண்டெடுக்கப்பட்ட ஆண்டில் அல்லாமல், அறிக்கை அச்சாகிவிட்ட பழைய ஆண்டிலேயே சேர்க்கப்படுகின்றனர்.