கொடிநாளும் பதினான்கு பேரும்

டிசம்பர் 7 அன்று வேலூரில் பள்ளிப் பிள்ளைகளின் சட்டையில் ஒரு சின்னக் காகிதக் கொடியைப் பார்க்கலாம். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என மூன்று நிறங்கள். தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு ஒவ்வொன்று. ஆட்சியர் முதல் தொகையை உண்டியலில் போட்டு வசூலைத் தொடங்கிவைப்பார். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குத் தேநீர் விருந்து நடக்கும். ஜூலை 26 கார்கில் வெற்றி நாள். டிசம்பர் 16, 1971இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த நாள். அப்படியென்றால் டிசம்பர் 7இல் எந்தப் போரை வென்றோம்? இந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

எந்தப் போரையும் வெல்லவில்லை. 1949 ஆகஸ்ட் 28 அன்று பாதுகாப்பு அமைச்சரின் கீழ் அமைந்த ஒரு குழு, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஐக் கொடிநாளாகக் கொள்வதென முடிவெடுத்தது. அன்றைய நிலையை நினைத்துப் பார்த்தால் அதன் அவசரம் புரியும். இரண்டாம் உலகப் போரில் 25 லட்சம் பேர் வரை பெருகிய இந்தியப் படையிலிருந்து பெருங்கூட்டம் வீடு திரும்பியிருந்தது. காஷ்மீரில் 1947இல் தொடங்கிய போர் 1949 ஜனவரி 1 அன்றுதான் நின்றது. கை கால் இழந்தவர்களும் கணவனைப் பறிகொடுத்த பெண்களும் நாடெங்கும் இருந்தார்கள். அவர்களுக்காகப் பொதுமக்களிடம் கையேந்திப் பணம் திரட்டவே இந்த நாளை உண்டாக்கினார்கள். நான் வெற்றியைத் தேடிப் போன இடத்தில் பொறுப்பு நின்றிருந்தது.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை இங்கே ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர். அங்கே ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரிடம் கொடிநாள் பற்றிப் பேசினேன். “போனவருக்குப் பேரு போதும் தம்பி. வீட்ல இருக்கறவங்களுக்குத்தான் கஞ்சி வேணும். கொடிநாள் அதுக்குத்தான்” என்றார். 1949இல் எடுத்த முடிவின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த ஆவணமும் எனக்குச் சொல்லவில்லை.

காகிதத்தை நெஞ்சில் குத்திக் காசு கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? அதைப் பின்தொடர்ந்தால் பெல்ஜியத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. பாப்பிச் செடியின் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கும். மண் கிளறப்பட்டால்தான் முளைக்கும். முதல் உலகப் போரில் குண்டுகள் பிளாண்டர்ஸ் வயல்களைப் புரட்டிப் போட்டதும் புதைகுழிகளுக்கு நடுவே செக்கச்செவேலெனப் பாப்பி பூத்தது. ஜான் மெக்ரே என்ற கனடிய ராணுவ மருத்துவர் 1915இல் அதைக் கவிதையாக்கினார். அதைப் படித்த அமெரிக்கப் பெண் மொய்னா மைக்கேல் 1918இல் பாப்பிப் பூவை நினைவுச் சின்னமாக அணியத் தொடங்கினார். பிரான்ஸின் அன்னா கெரன் துணிப்பூக்கள் செய்து விற்று நிதி திரட்டினார். 1921 நவம்பர் 11 அன்று பிரிட்டிஷ் லீஜியன் அமைப்பு அந்த வழக்கத்தைத் தனதாக்கிக்கொண்டது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவிலும் நவம்பர் 11இல் பாப்பிப் பூ கொடுத்துப் பணம் திரட்டினார்கள். விடுதலைக்குப் பின் பூவின் இடத்தில் நம் கொடி வந்தது.

அந்த முதல் போர் எங்கள் ஊரையும் விடவில்லை. அதற்கான சாட்சி லாங்கு பஜாரிலேயே நிற்கிறது. காய்கறி மூட்டையும் ஆட்டோவும் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவின் மணிக்கூண்டில் ஓர் ஆங்கிலக் கல்வெட்டு உண்டு. இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது அது. அவ்வளவுதான். ஒரு பெயர்கூட இல்லை. இந்தியாவின் பல ஊர்களில் எண்ணை மட்டும் மாற்றி இதே வாசகத்தைப் பதித்திருக்கிறார்கள். ‘போனவருக்குப் பேரு போதும்’ என்றாரே ஹவில்தார், அந்தப் பேர்கூட இந்த 14 பேருக்குக் கிடைக்கவில்லை.

இது வேலூருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அந்தப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேர் சேவைக்குப் போனார்கள். 74,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவு உட்பட ஏராளமான இந்தியப் படைகள் போரிட்ட மெசபடோமியப் போர்க்களத்துக்கான நினைவிடம் இராக்கின் பாஸ்ராவில் இருக்கிறது. கல்லறை தெரியாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது அது. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் ஏறின. இந்தியச் சிப்பாய்களோ ஒவ்வொரு படைப்பிரிவின் கீழும் வெறும் எண்ணிக்கையாக நின்றார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கழித்து!

கல்லில் ஏறாத பெயர்களில் பல அந்த ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். சிப்பாயின் பெயரோடு தகப்பன் பெயர், கிராமம், வட்டம், மாவட்டம் என்று எழுதிய பதிவுகள் உண்டு. எங்கள் ஊர் அன்றிருந்த மாவட்டத்தின் பெயரான ‘வட ஆற்காடு, மதராஸ்’ என்ற சொற்களைப் பழைய எழுத்துக்கூட்டலில் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. துப்பாக்கி பிடித்தவர்கள் மட்டுமல்ல, கோவேறு கழுதை ஓட்டியவர்களும் சமைத்தவர்களும் சுமை தூக்கியவர்களும் அந்தப் பதிவேடுகளில் இருக்கிறார்கள்.

கொடிநாள் உண்டியலில் போடும் பணம் இன்று உயிரோடிருப்பவர்களுக்குப் போகிறது. அது தொடர வேண்டும், பெருக வேண்டும். அதோடு இன்னொரு வேலையையும் இந்த நாளில் சேர்க்கலாம். வேலூர்ப் பள்ளிகள் பிள்ளைகளை அந்தப் பதிவேட்டைத் தேட வைக்கட்டும். வட ஆற்காட்டு ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகள் எளிதில் அடையாளம் காண்பார்கள். அது அவர்களுடைய மாமா ஊராக இருக்கும், பாட்டி ஊராக இருக்கும். பழைய குடும்பங்களில் விசாரித்தால் பதக்கமோ ஓய்வூதியத் தாளோ பெட்டியடியில் கிடைக்கலாம். 14 பேரையும் கண்டுபிடிக்க முடிந்தால், ஒரு டிசம்பர் 7 அன்று அந்தப் பெயர்களைத் தமிழில் எழுதி மணிக்கூண்டில் வைப்போம். ஒரு பெயர்ப் பலகைக்கு ஆகும் செலவு பெரிதல்ல. அதை அரசு செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. லாங்கு பஜார் வியாபாரிகளும் நாமும் சேர்ந்தாலே போதும்.