வாப்பாவின் கணக்கில் விடுபட்ட பெயர்

இணையத்தளங்கள் செய்து கொடுப்பது எனது தொழில். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்காக, சம்மாந்துறையில் எங்கள் வீட்டு அறைக்குள் இருந்தபடியே வேலை செய்கிறேன். "மகள் கொம்பியூட்டர் படிச்சவ" என்று உம்மா அயலாரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறா. அதனால் டெலிபோன் பழுதானாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள், மின்விசிறி சுற்றாவிட்டாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சம்பளத்துக்குச் செய்யும் வேலை முடிந்த பிறகு, சொந்த ஆசைக்கென்று சின்னச் சின்ன வேலைகளில் இறங்கி விடுவோம். தையல்காரி மிச்சத் துணியில் தன் பிள்ளைக்குச் சட்டை தைப்பதைப் போன்றதுதான் இதுவும். உம்மாவின் மருந்து நேரங்களை நினைவுபடுத்த ஒன்று செய்தேன். சமையல் குறிப்புகளில் கிராம் என்று போட்டிருப்பதை எங்கள் வீட்டுச் சுண்டுக்கு மாற்றிச் சொல்ல இன்னொன்று செய்தேன். அதற்காக அரிசி, மா, சீனி என்று ஒவ்வொன்றையும் சுண்டில் நிரப்பித் தராசில் வைத்தபோது, "இதுக்கா பட்டப்படிப்புப் படிச்ச?" என்று உம்மா கேட்டா.

ஆனால் அப்படிச் செய்த ஒரு வேலையைப் பற்றி மட்டும் என்னால் விளையாட்டாகப் பேச முடியாது. அதைத்தான் சகோதரிகளான உங்களோடு பகிர்ந்து கொள்ள நினைக்கிறேன்.

2018 ஆகஸ்டில் எங்கள் வாப்பா மவுத்தானார். சந்தைக்குப் பக்கத்தில் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஜனாஸா முடிந்த மூன்றாம் நாள், இத்தாவில் இருந்த உம்மா என்னையும் தம்பியையும் அறைக்குள் அழைத்தா.

"வாப்பாட கடன் ஆருக்கு எவ்வளவு இரிக்கிண்டு பாருங்க. ஒத்தருக்கும் ஒரு சதம் மிஞ்சிப் போகப்படாது" என்றா.

கடனை எழுதிக் கொள்ளுமாறு அல்குர்ஆன் சொல்லியிருப்பதை வாப்பா சும்மா விட்டவரல்ல. 2005ஆம் ஆண்டு கடைக்கு ஒரு பழைய கொம்பியூட்டரை வாங்கி, ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தமிழ் பழகி, மாதத்துக்கு ஒரு கோப்பாகக் கணக்கு எழுதி வைத்திருந்தார். அவ்வருடம் ஜனவரியிலிருந்து 2018 ஜூலை வரை மொத்தம் 163 கோப்புகள். அந்தக் கொம்பியூட்டர் இனி ஓடாது என்ற நிலையில், அதிலிருந்தவற்றைப் பென் டிரைவ் ஒன்றுக்கு மாற்றி எடுத்தேன். எனது கொம்பியூட்டரில் திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்தைக்கூடக் காணவில்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, பூனை மிதித்தது போலக் கிடந்தன. "வைரஸ் புடிச்சிட்டு" என்றான் தம்பி.

வைரஸ் ஒன்றுமில்லை. வாப்பா எழுதியது பாமினி எழுத்துருவில். நமது நாட்டில் எத்தனையோ திருமண அழைப்பிதழ்களும் வினாத்தாள்களும் பள்ளிவாசல் அறிவித்தல்களும் அந்த எழுத்துருவில்தான் அடிக்கப்பட்டன.

விடயம் இதுதான். கொம்பியூட்டருக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஆங்கிலச் சிறிய எழுத்தான 'சீ'க்கு அதனிடத்தில் 99 என்று எண். பாமினி அந்த எண்ணுக்குரிய இடத்தில் 'உ'வின் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறது. நாம் காண்பது 'உ'. உள்ளே இருப்பதோ 'சீ'. எழுத்துருவை எடுத்து விட்டால் முகமூடி கழன்று விடும். அப்போது 'உம்மா' என்ற சொல் சீ, கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். வாப்பாவின் கோப்புகளுக்கு நடந்தது இதுதான்.

யுனிக்கோட் என்ற முறையில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனித்தனி எண் உண்டு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அங்கே 'உ'வின் எண் 2953. அந்த எண் வேறெந்த எழுத்துக்கும் கிடையாது. இன்று நாம் கைத்தொலைபேசியில் தமிழில் எழுதி அனுப்புவது இம்முறையில்தான்.

பாமினியை எனது கொம்பியூட்டரில் போட்டதும் கணக்குகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனாலும் அவற்றில் ஒரு பெயரைத் தேட முடியாது. டெலிபோனில் அனுப்பினால் மீண்டும் ஆங்கிலமாகி விடும். 163 கோப்புகளையும் கண்ணால் படித்துக் கூட்டுவதென்றால் இத்தாவே முடிந்து விடும். எனவே பாமினியை யுனிக்கோடாக மாற்றவும், ஆளுக்கு ஆள் கொடுக்க வேண்டியதைக் கூட்டவும் ஒரு சிறிய நிரலை நானே எழுதினேன். உம்மா சொல்லச் சொல்லக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களின் பெயர்களையும் அதற்குக் கொடுத்தேன். இரண்டு இரவுகளில் வேலை முடிந்தது. பதின்மூன்று பெயர்கள் வந்தன. கூட்டுத் தொகையைப் பார்த்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சற்றுக் கர்வமாகவே இருந்தது.

பட்டியலை உம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். உம்மா கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருந்தா. முடிந்ததும், "வெள்ளை மாமிட பேரக் காணல்லயே" என்றா.

"கணக்குல இல்ல உம்மா. கொம்பியூட்டர் எல்லாத்தையும் பார்த்திட்டு."

"அவ மாசம் மாசம் பன்பாய் இழைச்சிக் கடைக்குக் குடுக்கிறவ. வித்தாப் புறகுதான் வாப்பா காசு குடுப்பார். இல்லாம இரிக்காது மகள். இன்னொருக்காப் பாரு."

வெள்ளை மாமி இத்தாவுக்குள் நாளும் வந்து உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து விட்டுப் போகிறவ. காசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சற்றுச் சலிப்போடுதான் 2018 ஜூலைக் கோப்பைத் திறந்து கண்ணால் பார்த்தேன். பாமினியில் பளிச்சென்று இருந்தது: வெள்ளை மாமி, பாய் வகையில் 4,350 ரூபா.

எனது நிரல் அந்தப் பெயரை எப்படி விட்டது? மாற்றி எடுத்த கோப்பில் 'வெ'வும் 'ள'வும் சேர்ந்து 'வௌ' என்ற ஓரெழுத்தாக மாறி, அதன் தலையில் புள்ளி வேறு நின்றது. பாமினியில் 'ள' என்ற எழுத்துக்கும், ஔகார வரிசையின் கடைசியில் வரும் குறிக்கும் விசை ஒன்றுதான். ஒற்றைக் கொம்பு, ஓர் எழுத்து, அதன் பின் அந்த விசை என்று வந்தால் அது ஔகாரம் என்று நான் விதி எழுதியிருந்தேன். 'மௌலவி'யும் 'சௌதி'யும் சரியாக வந்தன. 'வெள்ளை'யும் 'வெளிநாடு'ம் கெட்டுப் போயின. மனிதக் கண்ணுக்கு அது பெரிய பிழையாகத் தெரியாது. வாசித்துக் கொண்டு போய் விடுவோம். இயந்திரத்துக்கோ அது வேறொரு சொல். நான் கொடுத்த பெயரோடு பொருந்தவில்லை என்று அந்த வரியைச் சத்தமில்லாமல் ஒதுக்கி விட்டது. பொருந்தாததை ஒதுக்கு என்று சொன்னதும் நான்தான். ஒதுக்கியதை எனக்குக் காட்டு என்று சொல்லவில்லை.

பிழையைத் திருத்துவதற்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. ஔகாரத்துக்குப் பின்னால் புள்ளியோ விசிறியோ வேறெந்தக் குறியோ தமிழில் வர முடியாது. அப்படி வந்தால் அது 'ள' என்று ஒரு வரி சேர்த்தேன். பொருந்தாத பெயர்கள் அனைத்தையும் தனியாக எழுதிக் காட்டும்படியும் செய்தேன். ஏழு பெயர்கள் வந்தன. ஆறு பெயர்கள் வாப்பாவின் ஒற்றை விரல் எழுத்துப் பிழைகள்; அவர்கள் வேறு எழுத்தில் பட்டியலில் ஏற்கனவே இருந்தார்கள். அவர்களின் தொகையைத்தான் கூட்ட வேண்டியிருந்தது. ஏழாவது பெயர் வெள்ளை மாமி.

அன்று மாலை தம்பி காசைக் கொண்டு போய்க் கொடுத்தான். "மையித்து ஊட்டுல காசு கேக்கிறயா மகன்? நான் உட்டுட்டுத்தான் இரிந்தேன்" என்று சொல்லி மாமி அழுததாக வந்து சொன்னான். விட்டுக் கொடுப்பது அவவின் பெருந்தன்மை. ஆனால் அந்தக் காசில்லாமல் அவவின் வீட்டில் அந்த மாதம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தபோது, எனக்கு நெஞ்சு கனத்தது. கடன் கொடுத்தவர்களில் மிக வறியவ அவதான். எனது நிரல் விட்ட ஒரே ஆளும் அவதான்.

அதன் பிறகு தொழிலிலும் எனக்கு ஒரு பயம் வந்து விட்டது. அது நல்ல பயம். கொம்பியூட்டர் ஒரு பட்டியலைத் தந்தால், இதில் யார் இல்லை என்று முதலில் கேட்கிறேன். அதைக் கேட்பதற்கு அந்த ஆட்களைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது, கொம்பியூட்டரைத் தொட்டே பார்த்திராத உம்மா.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பழைய கொம்பியூட்டரிலோ சீடியிலோ பாமினியில் அடித்த எழுத்துகள் இருக்கக்கூடும். அந்த இயந்திரம் ஓடும்போதே அவற்றை யுனிக்கோடுக்கு மாற்றிக் கொள்ளுங்கள். மாற்றிய பிறகு, 'வெள்' என்று தொடங்கும் சொற்களை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். கடன் கணக்கு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். கடதாசியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

கடையை இப்போது தம்பி நடத்துகிறான். கணக்கு எனது நிரலில்தான் ஓடுகிறது. மாதக் கடைசியில் அதை அச்சடித்து உம்மாவிடம் கொடுப்பேன். உம்மா கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து, கடைசி வரி வரைக்கும் மெதுவாக வாசிப்பா. அந்த விரல் கீழே வந்து நிற்கும் வரைக்கும் நானும் பக்கத்தில் காத்துக் கொண்டிருப்பேன்.