மூன்றாவது விமானம்

கொடும்பாளூர் மூவர் கோயிலில் இப்போது நிற்பவை இரண்டு விமானங்கள்தான். வடக்குப் பக்கம் இருந்த மூன்றாவதற்கு அதிஷ்டானம் மட்டும் மிச்சம்.

பதினைந்து வயதில் அங்கே முதன்முதலாகப் போனேன். ‘பொன்னியின் செல்வன்’ படித்த சூடு. கொடும்பாளூர் இளவரசி வானதியைத் தேடித்தான் சைக்கிளை மிதித்தேன். வானதி கிடைக்கவில்லை. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பூதி விக்கிரமகேசரியைப் பற்றிப் பேசுகிறது. தன் பெயரிலும், தன் மனைவியர் கற்றளி, வரகுணை பெயரிலும் மூன்று விமானங்களை எழுப்பினான் என்கிறது. நான் கேள்விப்பட்டே இராத இரண்டு பெண்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நாவலில் இருந்தவள்தான் எனக்கு நிஜம்.

அந்த வயதில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவர். காசு வாங்காமல் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, கூம்பைச் சாய்த்து வெட்டினால் நீள்வட்டம் வரும் என்று ஒரு கேரட்டை நறுக்கிக் காட்டினார். வெட்டின துண்டை எனக்கே தின்னக் கொடுத்தார்.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் ‘அகோரா’ பார்த்தேன். 2009இல் வந்த படம். அலெக்சாண்டிரியாவின் கணித அறிஞர் ஹைபேஷியா, கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுவதைக் கண்டுபிடிக்கிறாள். அதை உலகுக்குச் சொல்வதற்குள் கிறிஸ்தவக் கும்பலின் கையில் சாகிறாள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் நேராக சார் வீட்டுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டே கேட்டேன்: “உங்க ஆளுங்கதானே சார் கணக்கையே கொன்னாங்க?”

சார் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். “டீ ஆறுது, குடிப்பா” என்றார் சார். அதன்பிறகு ஆறு வருடம் அந்தத் திண்ணைக்கு நான் போகவில்லை.

என்னைத் திரும்ப அழைத்துப் போனதும் ஹைபேஷியாதான். அவளைப் பற்றி ஒரு சரித்திரக் கதை எழுத உட்கார்ந்தேன். தரவுகளைத் தேடத் தேட, படம் என் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.

அவள் தியோன் என்ற கணித அறிஞரின் மகள். டயோபான்டஸின் ‘அரித்மெடிகா’வுக்கும் அப்பொலோனியஸின் கூம்பு வெட்டுகள் பற்றிய நூலுக்கும் உரை எழுதியவள். அவள் பெயரில் ஒரு நூல்கூட இன்று நம் கையில் இல்லை. கோள்களின் நீள்வட்டப் பாதையைச் சொன்னவர் கெப்ளர், 1609இல். அதை ஹைபேஷியா முன்பே கண்டாள் என்பதற்கு எந்தச் சான்றும் கிடையாது. நீள்வட்டத்தைப் பற்றிய நூலுக்கு உரை எழுதியவள் என்பது அதிஷ்டானம். மேலே நின்ற விமானம், படம் எடுத்தவர்கள் கட்டியது.

அவளை முதலில் நாவலாக்கிப் புகழ்பெறச் செய்தவர் சார்லஸ் கிங்ஸ்லி, 1853இல். அவர் ஆங்கிலிக்கப் பாதிரியார். தன் காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கத்தின் பக்கம் சாய்ந்தவர்களை இடிக்க அவருக்கு ஐந்தாம் நூற்றாண்டு அலெக்சாண்டிரியா தேவைப்பட்டது. அவர் காட்டும் ஹைபேஷியா இளம் அழகி. சாகும்போது உண்மையில் அவளுக்கு நாற்பத்தைந்தாவது ஆகியிருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

என்னை உட்காரவைத்துவிட்டது வேறு விஷயம். அவளுடைய மாணவர் சினேசியஸ் பின்னாளில் ஆயர் ஆனவர். அவர் அவளுக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. திரவத்தின் எடையைப் பார்க்க, கோடு போட்ட குழாய்க் கருவி ஒன்றைச் செய்து அனுப்பச் சொல்லி ஒரு கடிதத்தில் கேட்கிறார். இன்னொன்றை நோயில் படுத்தபடி சொல்லி எழுதவைக்கிறார். அதில் அவளை அம்மா, சகோதரி, ஆசிரியை என்று அழைக்கிறார். அவள் எழுதிய பதில்கள் கிடைக்கவில்லை.

415இல் அவள் கொல்லப்பட்டபோது நகரத்தில் நடந்துகொண்டிருந்தது ஆளுநர் ஓரெஸ்டஸுக்கும் ஆயர் சிரிலுக்குமான அதிகாரச் சண்டை. ஓரெஸ்டஸும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். அவர் சிரிலோடு சமாதானமாகாமல் இருப்பதற்கு ஹைபேஷியாதான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. கும்பல் அவளை வண்டியிலிருந்து இழுத்து, தேவாலயத்துக்குள் கொண்டுபோய், ஓட்டுச் சில்லுகளால் கொன்றது. இதையெல்லாம் நமக்குச் சொன்னவர் அதே காலத்தில் வாழ்ந்த திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ் ஸ்கொலாஸ்டிகஸ். அவரும் கிறிஸ்தவர். இந்தக் கொலை சிரிலுக்கும் அலெக்சாண்டிரியா சபைக்கும் பெரிய அவமானம் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார்.

சாருக்கு போன் செய்தேன். “மூவர் கோயிலுக்கு வர்றீங்களா சார்?” அவ்வளவுதான் கேட்க முடிந்தது. மன்னிப்பை நேரில் கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

வந்தார். நரைத்திருந்தார். முழங்காலில் வலி. நான் பேச ஆரம்பிப்பதற்குள் வடக்குப் பக்க அதிஷ்டானத்தைக் காலடியால் அளக்கத் தொடங்கிவிட்டார். அப்புறம் நடு விமானத்தையும் அளந்தார். “ஒரே அளவுப்பா. உசரமும் அதே மாதிரிதான் இருந்திருக்கும்னு சொல்லலாம். ஆனா மேல என்ன சிற்பம் இருந்துச்சுன்னு சொன்னா, அது நம்ம ஆசை.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அன்று அப்படிக் கேட்டது தப்பு என்றேன். கதையில் நீள்வட்டக் காட்சியை எடுத்துவிட்டதாகச் சொன்னேன். கொலைக் காட்சியையும் எடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன். அது அவருக்காகத்தான் என்பது அவருக்கும் புரிந்தது.

சார் கொஞ்ச நேரம் அந்தக் காலி அதிஷ்டானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொன்னது நெசந்தானே? அந்த சாக்ரடீஸ் மறைக்கலைல்ல? எனக்காக நீ மறைக்காத. ஆனா அந்த ஆயர் படுக்கைல கெடந்து அவளுக்குக் கடுதாசி எழுதுனார் பாரு, அதையும் போடு. ரெண்டும் இருக்கட்டும்.”

அன்று சாயங்காலம் அவரைத் திண்ணையில் கொண்டுபோய் விட்டேன். டீ வந்தது. இந்த முறை ஆறுவதற்குள் குடித்தேன்.