டாங்கிள் மாறினாலும் வீட்டுக்குத் தெரியக் கூடாது

உங்க வீட்டுல எப்பவாவது வைஃபை ரூட்டர் மாத்தியிருப்பீங்க. புது ரூட்டருக்கும் பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே கொடுத்துட்டா, போன், டிவி, லேப்டாப் எல்லாம் எதுவுமே நடக்காத மாதிரி வந்து ஒட்டிக்கும். பேரை மாத்தினீங்கன்னா முடிஞ்சுது, மாடி வீட்டுக்காரர் வரைக்கும் புது பாஸ்வேர்டு கேட்டு வருவார். இது புரிஞ்சா நான் சொல்லப்போறதுல பாதி புரிஞ்ச மாதிரிதான்.

திருச்சியில எங்க வீட்டுல 19 ஜிக்பீ சாதனங்கள் இருக்கு. செகண்ட் இயர் லீவுல ஒரு பல்புல ஆரம்பிச்சது. இப்போ ஆறு ரிலே மாட்யூல் சுவிட்ச் போர்டுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கு. எல்லாத்துக்கும் தலைமை, ராஸ்பெரி பையில செருகின ஒரு யுஎஸ்பி டாங்கிள். அதுக்குப் பேர் கோஆர்டினேட்டர். (ஒருங்கிணைப்பாளர்னு எழுதிப் பார்த்தேன், கல்ச்சுரல்ஸ் நோட்டீஸ் மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்.)

அந்த டாங்கிள்ல இருந்தது சிசி2531 சிப். மைக்ரோகன்ட்ரோலர் லேப்ல நாம மல்லுக்கட்டின அதே 8051 கோர்தான், ராம் 8 கேபி. 19 சாதனத்துக்கு அது மூச்சு வாங்க ஆரம்பிச்சது. சுவிட்ச் போட்டா ரெண்டு செகண்ட் கழிச்சு லைட் எரியும். அதனால ஆர்ம் கார்டெக்ஸ் எம்33 கோர் இருக்கிற புது டாங்கிள் ஒண்ணு வாங்கினேன்.

வாங்குறது சுலபம். ஆனா எல்லாத்தையும் மறுபடி பேர் பண்ணணும்னா ஆறு சுவிட்ச் போர்டைக் கழட்டணும், மெயின் ஆஃப் பண்ணணும், அப்பா பக்கத்துல நின்னு "இது தேவையா?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்பார். அதைவிடப் பெரிய விஷயம் அப்பாயி. ராத்திரி ரெண்டு தடவை பாத்ரூம் போக எழுந்திருப்பாங்க. வழியில இருக்கிற மோஷன் சென்சார்தான் லைட்டைப் போடும். போன வருஷம் இருட்டுல வாசப்படி தடுக்கி விழுந்ததுக்கு அப்புறம் வெச்சது அது. மத்தது எல்லாம் ஷோ, அது மட்டும்தான் அந்த வீட்டுக்கு நிஜமாவே தேவைன்னு எனக்கே தெரியும். ஜூலையில நான் பெங்களூருக்கு வேலைக்குப் போறேன். அதுக்கு முன்னாடி இது உறுதியா நிக்கணும்.

இப்போ ரூட்டர் கதைக்கு வாங்க. ஜிக்பீ நெட்வொர்க்னா அந்த டாங்கிள் இல்ல, அதுக்குள்ள இருக்கிற சில எண்கள்தான். 11 முதல் 26 வரைக்குள்ள ஒரு சேனல். 16 பிட்ல ஒரு பான் ஐடி, 64 பிட்ல இன்னொண்ணு. 128 பிட் நெட்வொர்க் கீ. கோஆர்டினேட்டரோட 64 பிட் முகவரி. இதையெல்லாம் புது டாங்கிள்ல எழுதிட்டா, சாதனங்களைப் பொறுத்தவரைக்கும் ஆளே மாறலை. ஹோம் அசிஸ்டென்ட்ல இருக்கிற இசட்எச்ஏ இதை பேக்கப் எடுத்து, புது அடாப்டர்ல இறக்கிக் கொடுக்குது. முகவரியை மாத்தும்போது மட்டும் எச்சரிக்கையைப் படிச்சுட்டு அழுத்துங்க. சில டாங்கிள்ல அதை ஒரே ஒரு தடவைதான் மாத்த முடியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி ஃப்ரேம் கவுன்ட்டர். கோஆர்டினேட்டர் அனுப்புற ஒவ்வொரு செய்தியிலயும் ஒரு வரிசை எண் இருக்கும், அது ஏறிக்கிட்டேதான் போகும். பேங்க்ல டோக்கன் 570 கூப்பிட்டதுக்கு அப்புறம் ஒருத்தர் 12-ம் நம்பர் டோக்கனோட கவுன்ட்டருக்கு வந்தா என்ன சொல்வாங்க? சாதனங்களும் அதேதான் சொல்லும். யாரோ பழைய செய்தியைப் பதிவு பண்ணி மறுபடி ஓட்டுறாங்கன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுடும். கீ சரியா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. அதனால புது டாங்கிள் பூஜ்யத்துல ஆரம்பிக்கக் கூடாது, பழையது நின்ன இடத்துக்கு மேல இருந்து தொடங்கணும். பேக்கப்ல இந்த எண்ணும் வரணும். பாஸ்வேர்டு காப்பி பண்றதுக்கும் அடையாளத்தை மாத்துறதுக்கும் வித்தியாசம் இங்கதான் இருக்கு.

ஞாயித்துக்கிழமை காலையில பேக்கப் எடுத்தேன். பழைய டாங்கிளைக் கழட்டி டிராயர்ல போட்டேன். ஒரே அடையாளத்தோட ரெண்டும் ஒண்ணா ஓடினா நெட்வொர்க் குழம்பிடும். புதுசை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள்ல மாட்டினேன், ஏன்னா யுஎஸ்பி 3 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும். கரண்ட்ல ஓடுற சாதனங்கள் எல்லாம் சில நிமிஷத்துல வந்துடுச்சு. ஒரு போர்டும் கழட்டலை. அப்பா கேள்வி கேட்காம பேப்பர் படிச்சார்.

பேட்டரி சாதனங்கள் தூங்கி எழுந்து மெதுவாதான் வரும். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் வந்தது, ஒண்ணைத் தவிர. எது? அப்பாயி சென்சாரேதான். ராத்திரி ஒன்பது மணிக்கு அவங்க சாப்பிட்டு முடிச்சுட்டு, "லைட்டு வருமாடா?"ன்னு கேட்டாங்க. "வரும் அப்பாயி"ன்னு சொல்லிட்டு ஸ்டூல் போட்டு ஏறி, பேட்டரியைக் கழட்டி மாட்டினேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் எரிஞ்சது. இறங்கித் திரும்பினா, பாத்ரூம் வாசல்ல அம்மா ஏற்கெனவே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு மாட்டி வெச்சிருந்தாங்க. என்னோட பேக்கப் ஒரு ஃபைல், அவங்களோடது பிளக் பாயின்ட்ல.

அம்மா செஞ்சதுதான் நல்ல இன்ஜினியரிங்னு எனக்குத் தோணிச்சு. அதனால மறுநாள் சென்சாரையும் பல்பையும் நேரடியா பைண்ட் பண்ணேன். இப்போ சென்சார் பல்புக்கே கட்டளை அனுப்பும். பை செத்தாலும், ஹோம் அசிஸ்டென்ட் அப்டேட் சொதப்பினாலும் லைட் வரும். எல்லா சென்சாருக்கும் இந்த வசதி கிடையாது, வாங்கும்போதே பார்த்துக்கோங்க. பல்போட சுவிட்ச் மேல செல்லோடேப் ஒட்டியாச்சு, யாரும் பழக்கத்துல அணைச்சுடக் கூடாதுன்னு. ஜீரோ வாட்ஸ் பல்பும் அங்கேயே இருக்கு, அம்மா கழட்ட விடலை.

பழைய டாங்கிளை யாராவது "இது என்ன"ன்னு எடுத்துத் திரும்பச் செருகிடுவாங்கன்னு ஹாஸ்டலுக்கே கொண்டு வந்துட்டேன். ஃபர்ம்வேர் மாத்தினா அது நல்ல பாக்கெட் ஸ்னிஃபர். சிசி டீபக்கர் கையில இருக்கிறவங்க வந்து வாங்கிக்கலாம். காசு வேண்டாம், ஒரு டீ போதும்.