முழங்கால் வலிக்கு ஒரு ஸ்பானர் வைத்தியம்

“இந்த வயசுல உனக்கு என்னத்துக்கு சைக்கிளு? பேசாம வித்துப்புடு!”

என் மாமியார் இப்படிச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. வயதென்னவோ நாற்பதைத் தாண்டவில்லை. ஆனால் அன்று வாசல்படி ஏறுவதற்குள் இரண்டு தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேனே, அதைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

எங்கள் ஊர் கருக்களாச்சேரி. கடலோரம். மேடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. எதிர்க்காற்று ஒன்றுதான் எங்களுக்கு மேடு! காரைக்கால் மார்க்கெட், போஸ்டாபீஸ், சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது எல்லாம் எனக்கு லேடீஸ் சைக்கிளில்தான். அதை விற்றுவிட்டால் ஒரு கட்டு கீரைக்குக்கூட இவருடைய மோட்டார் சைக்கிளை எதிர்பார்த்து நிற்க வேண்டும். இவர் நல்லவர்தான், கூட்டிப்போவார். ஆனாலும் கேட்டுக் கேட்டுப் போவது வேறு, நினைத்தவுடன் கிளம்புவது வேறு இல்லையா?

தைலம் தேய்த்தேன், உப்பு ஒத்தடம் கொடுத்தேன், முட்டிக்குப் பட்டை வாங்கி மாட்டினேன். வலி முழங்கால் சில்லுக்கு முன்புறம். சைக்கிள் மிதித்த நாளில் கூடுதல், மிதிக்காத நாளில் குறைச்சல்.

ஒருநாள் பஞ்சர் ஒட்டப் போன இடத்தில், கடைக்காரப் பெரியவர் நான் ஏறிப் புறப்பட்டதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்க. முட்டி வயித்துல இடிக்கிற மாதிரி மிதிக்கிறீங்களே, வலிக்கலியா?”

“வலிக்குதுதான் அண்ணே!”

“சீட்டை யாரு இவ்வளவு கீழே எறக்குனது?”

வேறு யார், நான்தான்! பெரியவள் குழந்தையாக இருந்தபோது பின் கேரியரில் அவளை வைத்துக்கொண்டு ஒருதரம் சாய்ந்துவிட்டேன். இருவருக்கும் அடி பலமில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தேன். அப்புறம் அதைத் தொடவே இல்லை. நம்மில் பலருடைய சைக்கிளும் இப்படித்தானே இருக்கிறது?

பெரியவர் சொன்னதன் சாரம் இதுதான். சீட்டின் உயரத்தை நிற்கும்போது பார்க்கக்கூடாது, மிதிக்கும்போது பார்க்க வேண்டும். சீட் ரொம்பத் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. சில்லு தொடை எலும்போடு அழுத்திக்கொள்கிறது. சம்மணமிட்டு உட்கார்ந்தவள் கையூன்றாமல் எழுந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மார்க்கெட் போய் வருவதற்குள் அந்த மாதிரி ஆயிரக்கணக்கில் எழுந்திருக்கிறோம்!

சரியான உயரத்தைப் பார்ப்பது சுலபம். வழக்கமாகப் போடும் செருப்போடு சீட்டில் உட்காருங்கள். யாராவது வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் சீட் நம் பாரத்தில் கொஞ்சம் அமுங்கும், ஆகவே உட்காராமல் அளந்தால் கணக்குத் தப்பும். ஒரு பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. மிதிக்கும்போது குதிகாலால் மிதிக்க மாட்டோம், முன்பாதத்தால்தான் மிதிப்போம். அப்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கி நிற்கும். அந்த மடிப்புதான் வேண்டியது.

அதிகமாக ஏற்றிவிட்டாலும் தொல்லைதான். பெடலை எட்டிப் பிடிக்க இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும், முழங்காலுக்குப் பின்புறம் இழுக்கும்.

என் சீட்டை ஏற்ற அன்றைக்கு முடியவில்லை! உப்புக்காற்றில் சீட் பைப் ஃபிரேமுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் திருகித் திருகித்தான் எடுத்தார். கடலோரத்துச் சகோதரிகள் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பைப்பைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி வையுங்கள். இன்னொன்று: பைப்பில் ஒரு கோடு போட்டிருந்தால் அது வெளியே தெரியும்படி ஏற்றவே கூடாது. கோடு இல்லையென்றால் இரண்டரை அங்குலமாவது ஃபிரேமுக்குள் இருக்கட்டும். அதற்கு மேலும் உயரம் வேண்டுமானால் நீளமான பைப் வாங்குவதே நல்லது. பைப் முறிந்து விழுந்தால் யார் பார்ப்பது?

மொத்த உயரத்தையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம் என்றார் பெரியவர். வாரம் அரை அங்குலமாக மூன்று வாரம் ஏற்றினோம். கூடவே ஹேண்டில்பாரையும் கொஞ்சம் உயர்த்தினோம், இல்லாவிட்டால் குனிந்து குனிந்து முதுகு வலிக்கும்.

பயம்? அதுதான் கடைசிவரை இருந்தது. கால் எட்டவில்லையே, எப்படி நிறுத்துவது? பிரேக் பிடித்து வேகம் குறைந்ததும் சீட்டை விட்டு முன்னால் இறங்கி, இடது காலை ஊன்ற வேண்டும். லேடீஸ் சைக்கிளில் குறுக்குக் கம்பி கிடையாது, புடவையோடும் இறங்கலாம். வீட்டுக்கு முன்னால் நாலு நாள் பழகினேன். தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்!

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் ஓட்டும் உயரமான சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு. அவர்கள் முன்னால் என் பயம் எம்மாத்திரம்!

இப்போது கடைகளில் குரூசர் என்று அகலமான சீட்டும் உயர்ந்த கைப்பிடியுமாக ஒரு சைக்கிள் வருகிறது. அதில் சில வகைகளில் பெடலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். கால் முன்பக்கமாக நீள்வதால், தரையில் கால் எட்டும், முழங்காலும் அதிகம் மடங்காது. வாங்குகிறவர்கள் இதைப் பார்த்து வாங்கலாம். சாதாரண சைக்கிளில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

எல்லா வலிக்கும் ஸ்பானர் மருந்தாகாது. முட்டி வீங்கினாலோ, ஓய்வாக இருக்கும்போதும் வலித்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும். எனக்கு இரண்டு மாதத்தில் படியேறும் வலி போய்விட்டது. மாமியார் இப்போது விற்கச் சொல்வதில்லை. “வர்றப்ப வெத்தல வாங்கிட்டு வா” என்கிறார்.

புதிதாகப் பழகும் குழந்தைக்கு மட்டும் இரண்டு பாதமும் தரையில் பதியும்படி சீட் தாழ்வாகவே இருக்கட்டும். தடுமாறாமல் ஓட்டத் தொடங்கியதும் ஏற்றிவிடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கள் பெரியவள் பத்தாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளை உட்கார வைத்துக் குதிகாலை வைக்கச் சொன்னேன். கால் நன்றாக மடங்கித்தான் நின்றது. இரண்டு விரற்கடை ஏற்றினோம். போல்ட்டை இறுக்கி முடித்த பிறகுதான் கிரீஸ் தடவ மறந்தது ஞாபகம் வந்தது. நாளைக்கு மறுபடி கழற்ற வேண்டும்.